நோன்பா என்று கேட்கக்கூடாது

வேலூர்,
15 செப்டம்பர் 2024

என் அருமை லீமா அக்காவுக்கு,

மரியே வாழ்க. கால் இரண்டையும் தவிர மற்றபடி நான் நலம். ஏற்காட்டுக் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது?

மடத்தில் இந்த ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது ஆஸ்பத்திரி எதிரே இருக்கிற தபால் ஆபீஸில் வரிசையில் நிற்பவள் நான்தான். அங்கே நிற்கிற எல்லாருக்கும் நம் அப்பா வயது.

வேலையில் சேர்ந்துவிட்டேன். பெண்கள் மருத்துவ வார்டு. முதல் நாளிலிருந்தே எல்லாரும் என்னை "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். வருஷக்கணக்காக ஜெபம் பண்ணி, மடத்துக்குப் போய், மாட்டுக்கொட்டகை கழுவுகிற உன்னை இன்னும் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. வயிறெரியாதே.

வெள்ளை ஷூ கடிக்கிறது. நம் அம்மா நாள் முழுக்க வெளிநாட்டுக்காரிகளின் காலுக்கு ஷூ தைக்கிறாள், பெற்ற மகள் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அலைகிறாள். அம்மாவிடம் சொன்னால், "புது ஷூ கடிக்காம கொஞ்சுமா?" என்கிறாள்.

மாதனூரில் அப்பா அப்படியேதான் இருக்கிறார். தோல் பதனிடும் ஷாப்பை விட்டு இத்தனை நாளாகியும் இருமல் அவரை விடவில்லை. நீ கவலைப்படாதே. நீ மடத்துக்குப் போகிற அன்று பேசினோமே, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், மே மாதம் நீ நிம்மதியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகு என்று. அந்தப் பேச்சு அப்படியேதான் இருக்கிறது. ஏப்ரல் வரை எனக்குப் புரொபேஷன். அது முடிந்து வேலை நிரந்தரமானால் இரண்டு பேரும் கரை ஏறிவிடுவோம்.

உன் தங்கை,
விண்ணரசி

ஏற்காடு,
4 அக்டோபர் 2024

அன்பு வின்னிக்கு,

மரியே வாழ்க. மூக்கு அடைத்தபடியே சுகமாக இருக்கிறேன். உன் குதிகால் ஆறிவிட்டதா? ஷூவுக்குள் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்துவிட்டுப் போடு. ஷூ கம்பெனிக்காரி மகளுக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே மாட்டுக்கொட்டகையிலிருந்து எனக்குப் பதவி உயர்வு, இப்போது சமையற்கட்டு. எங்களைப் பயிற்றுவிக்கும் மதர் நான் செய்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, இந்தத் துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடலாம் என்றார்.

எனக்கு மாதம் ஒரு கடிதம்தான் அனுமதி. நீ எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். வார்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுது. ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்கிறேன். எனக்கும் யாரையாவது தெரிந்த மாதிரி இருக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவோடு நான் போக வேண்டிய ஷூ கம்பெனி பஸ்ஸில் நீ போகிற மாதிரி ஒரு உறுத்தல் எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. உன்னால் முடியவில்லை என்றால் மறைக்காமல் சொல்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

லீமா

வேலூர்,
11 நவம்பர் 2024

அக்காவுக்கு,

மரியே வாழ்க. உடம்பு உடம்பாகத்தான் இருக்கிறது, உட்காரத்தான் நேரமில்லை. உன் சாம்பார் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சுகமா?

வார்டில் இருப்பவர்களைக் கேட்டாயே. கதவோரத்துக் கட்டிலில் ஆற்காட்டு ஆசிரியை ஒருவர். காய்ச்சலிலும் என் பேச்சில் பிழை திருத்துகிறார். அவருக்கு எதிரே கணியம்பாடியிலிருந்து வந்த அம்மாள். பாம்பு கடித்துப் பிழைத்தவர். கரும்புக்குத் தண்ணீர் யார் கட்டுவது என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜன்னலோரத்துக் கிழவிக்கு யாருமில்லை. ஜெபத்தில் அவரை முதலில் சொல்.

எனக்கு இன்னும் நரம்பு பிடிபடவில்லை அக்கா. குளுக்கோஸ் ஏற்ற கையில் வென்ஃப்ளான் ஊசி குத்த வேண்டும். மற்றவர்கள் தொட்டுப் பார்த்ததும் குத்திவிடுகிறார்கள். நான் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, மாதாவைக் கூப்பிட்டு, அப்புறமும் தவறவிடுகிறேன். நேற்று ஒரு பெண், "இன்னா சிஸ்டர், கத்துக்கறதுக்கு எங்கம்மா கைதான் கெடச்சுதா?" என்று கேட்டாள். வார்டே கேட்டது. மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு, அழுததற்குத் தாமதமானதென்று திட்டும் வாங்கினேன்.

திட்டியவர் இன்சார்ஜ் மேகலா சிஸ்டர். கல்லூரியில் படித்ததெல்லாம் அவர் முன்னால் ஆவியாகிவிடுகிறது. "பாத்தத எழுது. பாக்காதத எழுதாத. இது ஒண்ணு போதும், நீ பொழைச்சுக்குவ" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு பக்கம் கூப்பிடுகிற வார்டில் எதையும் நின்று பார்க்க விட்டால்தானே.

போன வாரம் என் கையில் முதல் மரணம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என்னோடு சேர்ந்த அஃப்ரோஸ் நம் ஆம்பூர்ப் பெண்தான். அவள் இருப்பதால் சிரிக்கிறேன்.

வின்னி

ஏற்காடு,
27 டிசம்பர் 2024

அன்பு வின்னிக்கு,

பாலன் பிறந்த மகிழ்ச்சி உன் வார்டுக்கும் உண்டாகட்டும். நான் நலம். அப்பா குடிலுக்கு விளக்குப் போட்டாரா?

இங்கே குடிலுக்கு நிஜக் கன்றுக்குட்டி கொண்டுவந்தார்கள். அது வைக்கோலோடு, மூன்று ஞானிகள் பொம்மையில் ஒன்றையும் மென்றுவிட்டது. இரண்டு ஞானிகளை வைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம்.

ஜன்னலோரத்துக் கிழவியைத் தினமும் சொல்கிறேன். பெயர் எழுதவில்லையே நீ. முதல் மரணம் என்று எழுதினாயே, அது அவர்தானா? இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றால் நீ எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

லீமா

வேலூர்,
26 ஜனவரி 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. சளி, தலைவலி என்று சின்னச் சின்னதாக வந்து போகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

ஆமாம், அவர்தான். பெயர் காசியம்மாள். இன்னும் ஜெபத்தில் சொல், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அஃப்ரோஸ் வேலையை விட்டுவிட்டாள். ஷூ கம்பெனியில் முதலுதவி அறைக்கு ஆள் எடுத்தார்களாம். விரலில் ஊசி ஏறினால் கட்டுப்போடுவதும், மயக்கம் போட்டவர்களுக்கு உப்புத்தண்ணீர் கொடுப்பதும்தான் வேலை. பகல் டியூட்டி, ஞாயிறு லீவு. "ரொம்ப பேஜாரா இருக்குடி. தூக்கத்துலகூட பெல் அடிக்குது. நீயும் வந்துடு, தோஸ்த்து" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அன்று முழுக்க அவள் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவள் பார்த்த கட்டில்களும் என் தலையில். ஊசி குத்த ஓரளவு வந்துவிட்டது. இப்போது வேறு பயம். ரூமுக்கு வந்து படுத்த பிறகு, மருந்தைச் சரியான ஆளுக்குத்தான் கொடுத்தேனா என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்த நாளும் உண்டு.

நான் விடமாட்டேன், பயப்படாதே. மே மாதம் வரை பல்லைக் கடித்துக்கொள்வேன். நீ உன் சாம்பாரைக் கவனி.

வின்னி

ஏற்காடு,
24 பிப்ரவரி 2025

அன்பு வின்னிக்கு,

நலம். உன் தலைவலி விட்டதா? தவக்காலம் தொடங்கப்போகிறது. உயிர்த்த ஞாயிறு பாஸ்கா முடியும்வரை எங்களுக்குக் கடிதம் எழுதும் அனுமதி இல்லை. வருகிற கடிதத்தைத் தருவார்கள். நீ எழுது.

மே 31 என்று நாள் குறித்துவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். எனக்காகக் கடிக்கிறாய் என்றால், அந்தப் பல்லின் மேல் நின்று நான் எப்படி வார்த்தைப்பாடு கொடுப்பது?

லீமா

வேலூர்,
14 மார்ச் 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. நான் நலம், அம்மா நலம், அப்பா நலம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கொஞ்ச நாளைக்குத் துணி மடிக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு எல்லாம் மடித்து, கட்டி, கொதி நீராவிக்கு அனுப்ப வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. காலுக்கு நல்லது.

ரம்ஜான் மாசம் என்பதால் மாலையில் ரோட்டோரமெல்லாம் நோன்புக்கஞ்சி வாசனை. வார்டில் புதிதாக ஒன்றும் இல்லை.

உன் வார்த்தைப்பாட்டுக்கு அம்மா புதுப்புடவை எடுத்துவிட்டாள்.

வின்னி

ஏற்காடு,
27 மார்ச் 2025

வின்னி,

நான் நலம் என்று எழுதி ஆரம்பிக்க மனம் வரவில்லை. மதரிடம் தனியாகக் கேட்டு இந்த ஒரு கடிதத்துக்கு அனுமதி வாங்கினேன்.

ஆறு மாதமாக நீ கட்டில் கட்டிலாக ஆட்களை எழுதினாய். இந்தக் கடிதத்தில் ஒரு மனுஷி இல்லை. பஞ்சு இருக்கிறது, வெயில் இருக்கிறது, கஞ்சி வாசனை இருக்கிறது. ஆள் பற்றாத வார்டிலிருந்து ஒருத்தியை எடுத்துத் துணி மடிக்கப் போடுவார்களா? என்ன நடந்தது?

நீ சொல்லாவிட்டால் நான் ஒன்று சொல்கிறேன். மதரிடம் பேசிவிட்டேன். வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் எந்த நாளும் யாரும் வீட்டுக்குத் திரும்பலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நான் வந்துவிடுகிறேன். அம்மாவோடு கம்பெனி பஸ்ஸில் போகிறேன். நீ கொஞ்ச நாள் வீட்டில் தூங்கு. பாஸ்கா திருநாள் வரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

லீமா

வேலூர்,
5 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நீ வராதே. கும்பிடுகிறேன், வராதே. நடந்ததை எழுதுகிறேன்.

முனவ்வர் பேகம் என்று ஒரு அம்மா. ஆம்பூரில்தான் வீடு. சர்க்கரை ஏறிப்போய், காலில் புண்ணோடு வந்தார். ரம்ஜான் பிறந்த முதல் வாரம். காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். போட்டேன். இட்லித் தட்டு வந்தது. நான் மற்ற கட்டில்களுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது தட்டு காலி. "சாப்டீங்களாம்மா?" என்றேன். தலையை ஆட்டினார். சாப்பிட்டார் என்று எழுதிவிட்டுப் போனேன்.

அவர் சாப்பிடவில்லை அக்கா. நோன்பு வைத்திருந்தார். உடம்பு முடியாதவர்களுக்கு நோன்பு கடமையில்லை என்று டாக்டரும் சொல்லி, மகனும் சொல்லி, சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்திலிருந்து பார்த்தபோது, அவருக்கு வெயிலுக்கு வியர்க்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். வாய் குழறியது. கை ஈரத்துணியாக இருந்தது. கத்தினேன். மேகலா சிஸ்டர் ஓடிவந்தார். வெறும் வயிற்றில் போட்ட இன்சுலினால் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது, நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினோம். கண் திறந்தார். திறந்ததும் முதல் வார்த்தை, "என் நோன்பு போச்சா?"

அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

மகன் உமர் ஃபாரூக் வார்டு நடுவில் நின்று கத்தினார். "எங்கம்மா செத்திருந்தா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பெரிய மேட்ரன் முன்னால் நிறுத்தினார்கள். மேகலா சிஸ்டர் கேட்டார்: "நீ ஆம்பூர்ல வளந்தவதானே? ரம்ஜான்னு தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்."

"அப்ப நோன்பான்னு ஏன் கேக்கல?"

"தெரியும்றதாலதான் கேக்கல."

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். நாம் ஆம்பூரில் குடியிருந்தபோது அம்மா சொல்வாளே, "பொம்பளைங்கள நோன்பான்னு கேக்கக்கூடாது. மாசத்துல வைக்க முடியாத நாள் இருக்கும். பாத்தாலும் பாக்காத மாதிரி வந்துடணும்" என்று. அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வேறு ஊரிலிருந்து வந்தவளாக இருந்தால் வெட்கமில்லாமல் கேட்டிருப்பாள். அஃப்ரோஸ் இருந்திருந்தால் உரிமையோடு அதட்டியிருப்பாள். நான் மரியாதை பார்த்தேன். அந்த மரியாதையில் ஒரு உயிர் போகப் பார்த்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை மேட்ரனிடம் சொல்லவில்லை. அந்த இட்லியைச் சாப்பிட்டது, துணைக்கு இருந்த மருமகள் புஷ்ரா. நான் திரும்பி வந்தபோது திரைக்குப் பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு அது வைக்க முடியாத நாள். எனக்கு உடனே புரிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பாமல் ஒரு நொடி யோசித்திருந்தால், யார் தட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று தெரிந்திருக்கும்.

"தட்டு எப்படி காலியாச்சு?" என்று மேட்ரன் கேட்டார். கணவனும் மாமனார் வாஹித் பாஷாவும் அத்தனை டாக்டர்களும் இருக்கிற இடத்தில் அந்தப் பெண்ணின் நாளை நான் எப்படிச் சொல்வேன்? "தெரியாது. நான் நின்னு பாக்கல, என் தப்பு" என்றேன். என் தப்புதான். பார்க்காததை எழுதினேன்.

முனவ்வர் பேகம் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது புஷ்ரா துணி மடிக்கிற அறைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். பாஸ்காவுக்குப் பிறகு அதே வார்டுக்குப் போகச் சொல்கிறார்கள். போகப் பயமாக இருக்கிறது. களைத்துவிட்டேன் அக்கா. விட்டுவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. ஆனால் எனக்காக நீ அங்கிருந்து இறங்கி வந்தால், இரண்டு பேரும் தோற்றுப்போன வீடாகிவிடும் அது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

வின்னி

ஏற்காடு,
22 ஏப்ரல் 2025

என் வின்னிக்கு,

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா. மூக்கு, சாம்பார் எல்லாம் சுகம்.

உன் கடிதத்தைத் தோட்டத்தில் வைத்துப் படித்தேன். உனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் முகத்தைத் திருப்பியிருப்பேன். அம்மா நம் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தாள்.

வீட்டுக்கு வரவில்லை, இங்கேயே இருக்கிறேன். ஆனால் இன்னும் முடிவாகச் சொல்லவும் முடியவில்லை. எனக்காக அந்த வார்டுக்குப் போகாதே. போனால் உனக்காகப் போ. இல்லையென்றால் விட்டுவிடு, அதற்கு யாரும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டோம். வார்த்தைப்பாட்டு நாள் காலை உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். வருவாயா?

லீமா

வேலூர்,
14 மே 2025

அக்காவுக்கு,

மரியே வாழ்க. ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அம்மா பார்த்தால் உன்னிடம் கோள் சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

வார்டுக்குப் போய்விட்டேன். இப்போது எல்லாரையும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை விரதமா, சஷ்டியா, நோன்பா, மாதாவுக்கு ஒருசந்தியா என்று நேருக்கு நேராக. நேற்று ஒரு அம்மாள், "இன்னாம்மா நீ, போலீஸ்காரி மாதிரி கேக்கற" என்றார். ஊசி போட்டவர்கள் ரெண்டு வாயாவது சாப்பிடும்வரை கட்டில் பக்கத்திலேயே நிற்கிறேன். இதனால் மற்ற வேலை தாமதமாகி ஜாஸ்தி திட்டு வாங்குகிறேன். மேகலா சிஸ்டர் திட்டிவிட்டு, நான் நிற்கிற கட்டிலுக்கு அடுத்த கட்டிலை அவரே பார்த்துவிட்டுப் போகிறார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

முதல் நாள் வார்டுக் கதவைத் தள்ளாமல் படிக்கட்டுவரை திரும்பிப் போய்விட்டு வந்தேன். இப்போதும் சில நாள் அப்படித்தான். வேலையை விட்டேனா என்று கேட்டால், இன்றைக்கு விடவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முப்பத்தொன்றாம் தேதி லீவு கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். யாராவது டியூட்டி மாற்றிக்கொண்டால் வருவேன். நிச்சயமில்லை. நான் வராவிட்டாலும் நீ கொடு.

வின்னி

ஏற்காடு,
3 ஜூன் 2025

என் வின்னிக்கு,

மரியே வாழ்க. நான் நலம். நீ பத்திரமாக வேலூர் போய்ச் சேர்ந்தாயா?

என் வார்த்தைப்பாட்டை ஊரே பார்த்தது, உன்னைத் தவிர. அதனால் நடந்ததை உனக்கு எழுத வேண்டியது என் கடமையாகிவிட்டது.

மாலை டியூட்டி முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம் வந்து, மலை பஸ் பிடித்து, பூசை மணி அடிக்கும்போது நீ கோவிலுக்குள் நுழைந்தாய். வெள்ளை ஷூவோடு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாய். சாமியார் பிரசங்கத்தை ஆரம்பிக்கும் முன்னமே அப்பா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

அம்மா உன்னைத் தட்டி எழுப்பக் கையை ஓங்கினாள். நான் பீடத்திலிருந்தே வேண்டாம் என்று தலையாட்டினேன். சாமியார் அப்பத்தை உயர்த்திய எழுந்தேற்றத்தின்போது கோவிலே முழங்காலில் நின்றது. அப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருமல் முட்டி முட்டி வந்ததை வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினார். அவர் அடக்கி நான் பார்த்ததேயில்லை.

உன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தேன். பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் இருந்த பைக்குள் இஸ்திரி போட்ட மறுநாள் யூனிபார்ம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்தியில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். உன்னை எழுப்பிவிடக்கூடாது என்று மெதுவாகத்தான் வார்த்தைப்பாட்டைச் சொன்னேன். காதில் விழவில்லை என்று மதர் பிறகு கடிந்துகொண்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்பக்கா ஆரம்பிக்கும்?" என்று கேட்டாய். கன்னியர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தத்தில் உன்னிடம் ஒன்று கேட்க நினைத்ததைக் கேட்காமலே பஸ் ஏற்றிவிட்டேன். நம் வீட்டுப் பழக்கம், எதையும் முகத்துக்கு நேராகக் கேட்கமாட்டோம்.

இனி எனக்கும் போன் உண்டு. ஆனாலும் இதைக் காகிதத்திலேயே கேட்கிறேன், போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். சாப்பிட்டாயா? தூங்கினாயா? நாளைக்கும் அந்த வார்டுக்குப் போகிறாயா? போனாலும் போகாவிட்டாலும் எனக்கு நீ நீதான், ஆனால் தலையை மட்டும் ஆட்டாதே. பார்த்ததை எழுது.

உன் அக்கா,
லீமா